சன்னாசியின் காது மெஷின்

மச்சக்காளை மாணவரானது ஐம்பத்து மூன்றாவது வயதில். அதுவரை டி.வி., மிக்ஸி, வாஷிங் மெஷின் விற்றவர். லேசுப்பட்ட பேச்சில்லை அவர் பேச்சு. குடை வாங்க வந்தவன் தலையில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார். அவர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். காது மெஷின் பொருத்தும் அமலி டீச்சரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார்.

டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் ஆறு ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒருநாள் மச்சக்காளை கேட்டார்.

"டீச்சர், போன்ல ஒரு தட்டுத் தட்டினா மெஷினே காதை அளந்து தன்னைச் சரிபண்ணிக்குது. இன்னும் ரெண்டு வருஷம் போனா நாம எதுக்கு?"

டீச்சர் யாருடைய மெஷினிலோ அடைத்திருந்த காதழுக்கைச் சின்ன பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சன்னாசி உள்ளே வந்தார். பூச்சந்தையில் ஏலம் கூறுபவர். பதினைந்து நாள் முன்னால்தான் கடையிலேயே விலை கூடின மெஷினை வாங்கிப் போயிருந்தார். வாங்க வைத்தது மச்சக்காளை. "சுத்தி எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் தானாவே அமுக்கிடும்ணே, நீங்க பாட்டுக்கு ராஜா மாதிரி நிக்கலாம்" என்று சொல்லி விற்ற மெஷின்.

சன்னாசி டப்பாவை மேஜையில் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கங்க டீச்சர்."

"என்னாச்சுண்ணே?"

"நேத்து மல்லி ஏலம். எனக்குப் பின்னாடி நின்னு ஒரு அம்மா விலையைக் கூட்டிக் கேட்டிருக்கு. என் காதுல விழல. மூணு தரம் சொல்லி, குறைச்சுக் கேட்டவனுக்கு விட்டுட்டேன். பூவை வெளைய வச்சுக் கொண்டாந்த சம்சாரி என் சட்டையைப் பிடிச்சுட்டான். இன்னைக்குக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு நாள் பாப்பேன், அதுக்கு மேல வேற ஆளுன்னுட்டார் முதலாளி." சன்னாசி டப்பாவை டீச்சர் பக்கம் தள்ளினார். "முப்பது வருசமாக் கூறுற வாய் டீச்சர் இது."

மச்சக்காளைக்குச் சுருக்கென்றது. தான் விற்ற சரக்கையா குறை சொல்வது! சன்னாசியின் காதில் மெஷினை மாட்டி, அவருக்குப் பின்னால் போய் நின்று, கிசுகிசுவென்று சொன்னார்.

"சம்பங்கி."

"சம்பங்கி" என்றார் சன்னாசி.

"கனகாம்பரம்."

"கனகாம்பரம்."

"பாத்தீங்களா டீச்சர்? மெஷின் கண்ணாட்டம் இருக்கு. அண்ணனுக்குத்தான் இன்னும் பழகல."

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். "இங்க நல்லாத்தான் கேக்குது" என்று முனகினார்.

டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஏலம் எத்தனை மணிக்குண்ணே?"

"காலைல ஏழு."

"வாரேன்."

சன்னாசி போனதும் மச்சக்காளை பொருமினார். "இங்க கேக்குறது அங்க மட்டும் எப்படிக் கேக்காமப் போகும் டீச்சர்? வீண் அலைச்சல்."

"நீங்களும் வாங்கண்ணே."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனார்கள். அம்மாடி, என்ன சத்தம்! மூட்டை இறக்குகிறவர்கள், பனிப்பெட்டி வண்டிகள், நாலு பக்கமும் கத்துகிற வியாபாரிகள். கூடையோடு நடுவில் நின்று கூறுவார் ஏலக்காரர். கேட்பவர்கள் அவரைச் சுற்றி வளையமாக நிற்பார்கள். இன்னொருவர் மல்லி கூறிக்கொண்டிருந்தார். சன்னாசியின் முறை வரக் கொஞ்ச நேரம் இருந்தது. முதலாளி நாற்காலியைச் சன்னாசி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் சன்னாசியிடமிருந்து மெஷினை வாங்கினார். அதில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி இரண்டாகப் பிரிந்த மறுமுனையை மச்சக்காளையிடம் கொடுத்தார். மெஷினுக்கு என்ன கேட்கிறதோ அது அப்படியே நமக்கும் கேட்கிற குழாய்.

"ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு நடுவுல போய் நில்லுங்கண்ணே."

மச்சக்காளை போய் நின்றார். ஆகா! அத்தனை கூச்சலும் எங்கோ அடங்கிப் போனது. எதிரே நின்ற ஏலக்காரரின் குரல் மட்டும் தெளிவாக, தனியாகக் கேட்டது. எவன் கண்டுபிடித்தானோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று நினைத்தார். மெஷினை ஏலக்காரர் பக்கமே பிடித்தபடி, முகமெல்லாம் சிரிப்போடு டீச்சரைத் தேடித் தலையை மட்டும் திருப்பினார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. எதுவோ மூட்டைக்குள்ளிருந்து முனகின மாதிரி ஒரு சத்தம் வந்ததே தவிர, சொல் வரவில்லை.

மச்சக்காளை குழாயைக் கழற்றினார். அந்தப் பெண் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கே கேட்கும்படி.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வெட்கத்தில் காது மடல் சிவந்து போனது.

"டீச்சர், இரைச்சல்னு நெனச்சு ஏலம் கேக்குறவங்களையே அமுக்கிருச்சு."

"ஆமாண்ணே. அதுகிட்டச் சொன்னதைத் தப்பாமச் செஞ்சிருக்கு."

டீச்சர் போனை எடுத்தார். இரைச்சலை அமுக்கும் வேலையை நிறுத்தினார். இரைச்சல் வந்ததும் முன்னால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததை நாலு பக்கமும் திறந்துவிட்டார். அதற்கு 'சந்தை' என்று பெயர் வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ள மெஷினில் ஒரு பொத்தானையும் காட்டினார். மெஷின் எல்லாவற்றுக்கும் இணங்கியது. ஐந்து நிமிஷ வேலை.

சன்னாசி மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார். "யப்பா, என்னா கூச்சல்!" என்றார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. கூற ஆரம்பித்தார். ஒரு தரம். ரெண்டு தரம்.

பின்னால் ஒரு குரல் கூட்டிக் கேட்டது. சன்னாசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி, கேட்ட விலையைக் கணீரென்று கூறினார். முதலாளி எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போனார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மச்சக்காளை கேட்டே விட்டார்.

"டீச்சர், நீங்க பெரிய ஆள். கடையில உக்காந்த இடத்துலயே கோளாறு என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்லையா?"

"இல்லண்ணே" என்றார் டீச்சர். "தெரியாததாலதான் வந்தேன்."