எழுபத்திரண்டில் ஒரு பங்கு யுத்தம்

நொச்சிக்கரட்டுப்பாளையத்துக்கு மேலே தினமும் காலையில் போர் விமானங்கள் பறக்கும். பக்கத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, வேறு வழியில்லை. ஊரில் எல்லோரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மூன்று பேர் மட்டும் நிமிர்ந்தவர்கள் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டார்கள். அந்த மூவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நொச்சிக்கரட்டுப்பாளையம் சிறுவிமானக் கழகம்.

மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் மாரப்பன் தலைவர். மூக்குக் கண்ணாடி வைத்திருந்த ஒரே காரணத்தால் நாச்சிமுத்து செயலாளர். தையல்கடை ரங்கநாயகி உறுப்பினர்கள். ஆமாம், உறுப்பினர்கள் அனைவரும் அவர் ஒருவரே. ஊர்ப் படிப்பகத்தின் மாடி அறையில் கழகம் கூடி, பிளாஸ்டிக்கில் குட்டி விமானங்களை ஒட்டும். கீழே படிக்கிறவர்கள் யாரும் இல்லாததால் மேலே நடப்பது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

மாரப்பனுக்கு அந்த அறை உயிர். வீட்டில் அவருக்குப் பெயர் 'ஏனுங்க'. பட்டறையில் 'மோட்டார்க்காரர்'. உலகத்தில் அவரைத் 'தலைவரே' என்று கூப்பிடும் இடம் அந்தப் பதினைந்தடி அறை ஒன்றுதான். அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. கேரம் மன்றத்துத் திருமூர்த்தி ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "உக்காந்து பசை மோந்துட்டிருக்கறவங்களுக்கு எதுக்குங்க ரூமு?" என்று கேட்டுவிட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததால் கூட்டமே திகைத்துப் போனது.

கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள். கோயமுத்தூரில் நடக்கிற விமான மாதிரிகளின் கண்காட்சியில் கழகத்தின் விமானம் ஏதாவது ஒரு பரிசு வாங்கி வந்தால் அறை கழகத்துக்கு. வாங்காவிட்டால் கேரம் மன்றத்துக்கு. மாரப்பன் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

கோயமுத்தூரில் ஒட்டிச் சேர்க்கும் விமானப் பெட்டியை விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். பெட்டியை நீட்டிக்கொண்டே விவரம் சொன்னார்.

"இது நெச விமானத்துல எழுபத்திரண்டுல ஒரு பங்குங்க. என்ன சேர்த்தாலும் அந்த அளவுக்குத்தான் சேர்க்கோணும். உள்ளார இருக்கற சாமான் வெளிய தெரியலைன்னாலும் இருக்கோணும். அப்புறம் வெதரிங். புதுசாட்டம் மினுமினுன்னு நின்னா பொம்மைன்னு தள்ளிருவாங்க. பத்து வருஷம் வெயில்லயும் மழைலயும் கெடந்த மாதிரி இருக்கோணும். பின்னாடி புகை படிஞ்ச மாதிரி, அடியில எண்ணெய் ஒழுகின மாதிரி, விமானி ஏறி எறங்கற எடத்துல பெயின்ட் உதிர்ந்த மாதிரி. பார்த்தா இப்பத்தான் பறந்து வந்து நின்ன மாதிரி தெரியோணும்."

மூவரும் தலையாட்டி எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டார்கள். 'மாதிரி' என்ற ஒரு சொல்லை மட்டும் கடை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

உள்வேலை முதலில் நடந்தது. ரங்கநாயகி பட்டு நூலிலிருந்து ஒற்றை இழையை உருவி, விமானி இருக்கைக்கு பெல்ட் தைத்தார். அது நிஜமாகவே அழகாக வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாச்சிமுத்து ஊசிமுனையால் வேகமானியில் முள் வரைந்தார்.

"வேகம் எவ்வளவு வெச்சீங்க?" என்றார் மாரப்பன்.

"தொள்ளாயிரமுங்க தலைவரே."

"நிக்கற விமானத்துக்கு எதுக்குத் தொள்ளாயிரம்?"

"பூஜ்யம் வெச்சா ரிப்பேர்னு நெனைச்சுக்குவாங்களே."

மாரப்பன் கண்ணை மூடி யோசித்தார். தலைவராக இருப்பது லேசான வேலையில்லை. "அதுவும் சரிதான். ஆனா முள்ளு தொள்ளாயிரத்துல இருக்கறப்ப சும்மா விட்டு வெக்கறது ஆபத்தில்லீங்களா?"

"கட்டிப் போட்டரலாமுங்ணா," என்றார் ரங்கநாயகி.

அப்படியே ஆயிற்று. அட்டையில் சிமெண்ட் பூசி ஓடுதளம் ஒன்று செய்து, அதன்மேல் விமானத்தை நிறுத்தி, கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டினார்கள். இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியையும் ஒட்டி முடித்த பிறகுதான் விமானி மேஜை மேலேயே நிற்பது தெரிந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான மனிதர், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி இவரை எப்படி உள்ள விடறது?" என்று மாரப்பன் பதறினார்.

"எதுக்குங்க உள்ள விடோணும்?" என்றார் நாச்சிமுத்து. "ஏறி எறங்கற எடத்துல பெயின்ட் உதிரோணும்னு சொன்னாரு. உள்ளயே உக்காந்துட்டா எப்படி ஏறுவாரு?"

ஆக, விமானியை வைத்தே பெயின்ட்டை உதிர்ப்பது என்று தீர்மானமாயிற்று. நாச்சிமுத்து அவரை இரண்டு விரலில் பிடித்து இறக்கையில் ஏற்றுவார், இறக்குவார். மறுபடி ஏற்றுவார். சாயங்காலம் முழுக்க இது நடந்தது. நடுவில் ரங்கநாயகிதான் மனம் பொறுக்காமல், "கால் வலிக்கும், கொஞ்ச நேரம் உக்கார வெய்ங்க," என்றார். விமானிக்கு உட்காரும்படியான முழங்கால் இல்லாததால் படுக்க வைத்தார்கள்.

அடுத்தது பத்து வருஷ வெயில். பத்து வருஷத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு ஐம்பது நாள் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார். கண்காட்சிக்கோ இருபது நாள்கூட இல்லை.

"மூணு வருஷத்தோட நிறுத்திக்கலாமுங்களா?" என்றார் மாரப்பன்.

"நடுவர் கணக்குப் போட்டுப் பார்த்தாத் தெரிஞ்சுரும் தலைவரே. சூரியனை அதிகம் பண்ணலாம்."

தையல்கடைக் கண்ணாடிகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விமானத்தைச் சுற்றி நிறுத்தி, மூன்று சூரியன்களைக் கூடுதலாக உண்டாக்கினார்கள். பிளாஸ்டிக் இளகி இடது இறக்கை வளைந்து தொங்கியது. அடியில் லேசாக விரிசலும் விட்டது. மூவரும் வெகுநேரம் பார்த்தார்கள். "திரும்பறப்ப இப்படித்தான் சாயும்," என்று மாரப்பன் தீர்ப்புச் சொன்னார். மழைக்கு, இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற தண்ணீர்க் குப்பி போதுமானதாக இருந்தது. தூறல் பெரிதாக விழுந்தபோதெல்லாம் அளவு மீறிவிட்டதென்று துடைத்துவிட்டு மறுபடி பெய்தார்கள்.

புகைக்கு சாம்பிராணி. ஒரு பகல் முழுக்க வால்பக்கம் காட்டியதில் புகைக்கறை படிந்ததோ இல்லையோ, போர் விமானத்திலிருந்து பூஜை அறை வாசம் வந்தது.

எண்ணெய்தான் பெரிய விவாதமாகப் போய்விட்டது. மாரப்பன் பட்டறையிலிருந்து மோட்டார் எண்ணெய் கொண்டுவந்தார். நாச்சிமுத்து தடுத்தார்.

"இத்தனூண்டு விமானம் அத்தனை கெட்டி எண்ணெயைத் தாங்குமுங்களா? லேசான எண்ணெயா இருக்கோணும்."

"லேசுன்னா கடலையெண்ணெய்தான்," என்றார் ரங்கநாயகி. "ஆனா அது மஞ்சளா இருக்குமே. ஓடின எண்ணெய் கறுப்பா இருக்கோணுமல்ல?"

மூவருக்கும் ஒரே நேரத்தில் விடை தோன்றியது, அது அபூர்வம். பஸ் ஸ்டாண்ட் வடைக்கடையில் மூன்று நாள் ஓடின எண்ணெயை ஒரு கிண்ணம் வாங்கி வந்து விமானத்தின் வயிற்றில் தாராளமாகத் தடவினார்கள். அது சொட்டுச் சொட்டாக ஒழுகி ஓடுதளத்தில் ஊறியது. அந்தக் கறையை மட்டும் யாரும் திட்டமிடவில்லை. அதனால்தானோ என்னவோ அது அச்சு அசலாக வந்திருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் எண்ணெய் காய்வதற்காக விமானத்தை மொட்டைமாடியில் வைத்தார்கள். நூல் தடம் விழக் கூடாதென்று ரங்கநாயகி கட்டை அவிழ்த்துவிட்டார். மூவரும் உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஓடுதளம் இருந்தது. விமானி இருந்தார். விமானம் இல்லை.

எதிர்த் தென்னையில் ஒரு காக்கை எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. தேடுவது விமானத்தை அல்லவா, காக்கையை எதற்குப் பார்க்க வேண்டும்?

"நான் அப்பவே சொன்னேன், முள்ளைத் தொள்ளாயிரத்துல வெக்காதீங்கன்னு," என்று மாரப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவு தத்ரூபமா வந்திருக்குதுங்க தலைவரே," என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் துக்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

"விமானியைக்கூடக் கூப்பிடாமப் போயிருச்சே," என்று ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாரப்பன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பரிசு போச்சு, அறை போச்சு, நாளையிலிருந்து சாகும்வரை மோட்டார்க்காரர்தான். ஆனால் பதிவு செய்தாகிவிட்டது, போகாமல் இருந்தால் மரியாதை இல்லை. இருந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். வெறும் ஓடுதளம், எண்ணெய்க் கறை, அறுந்த மாதிரிக் கிடந்த நூல், தலைக்கவசத்தோடு தனியே நிற்கும் விமானி. பக்கத்தில் நாச்சிமுத்து ஓர் அட்டை எழுதி வைத்தார்: 'விமானம் வெளியே போயிருக்கிறது.'

நடுவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. மற்ற மேஜைகளில் பளபளவென்று நின்ற விமானங்களை வேகமாகக் கடந்து வந்தவர், இங்கே வந்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக் கறையைப் பார்த்தார். விமானியை வெகுநேரம் பார்த்தார்.

"போன விமானம் திரும்பி வரலை," என்றார் மெதுவாக. "அதானே?"

"வந்துருமுங்க," என்றார் மாரப்பன். "சொல்லாமப் போயிருச்சு, அவ்வளவுதானுங்க. நாங்க காத்திருக்கறோம்."

நடுவர் கைக்குட்டையை எடுத்தார். நாற்பது வருஷப் பணியில் இப்படியொரு படைப்பைப் பார்த்ததில்லை என்று மேடையில் சொன்னார். கலையைப் புரிந்துகொள்கிறவர்கள் எப்போதும் அதிகமாகவே புரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் பரிசு நொச்சிக்கரட்டுப்பாளையத்துக்குக் கிடைத்தது.

அறை தப்பித்தது. மாரப்பன் கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் துடைத்தார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தில்கூட யாரும் அவர் முகத்தில் பார்த்ததில்லை. கதை இங்கேயே முடிந்திருந்தால் அவர் இன்றைக்கும் துடைத்துக்கொண்டிருப்பார்.

வாரக் கடைசியில், ஜன்னல் வழியாக 'டொக்' என்று ஏதோ வந்து விழுந்தது. விமானத்தின் இடது இறக்கை. முழுக்கக் கொத்துப்பட்ட குழிகள், நுனி உடைந்திருந்தது, மேலே வெள்ளையாக எச்சம். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த காக்கையை, முக்கியமான வேலையில் இருக்கிறோம் என்று நாச்சிமுத்து விரட்டிவிட்டார்.

"குண்டு பட்டிருக்குது," என்றார் மாரப்பன், குழிகளைத் தடவியபடி. "எங்கயோ சண்டை போட்டிருக்குது."

"யாரு கூடங்க?" என்றார் நாச்சிமுத்து.

"நமக்கு யாரு எதிரி?"

இந்த உலகத்தில் சிறுவிமானக் கழகத்துக்கு ஒரே ஓர் எதிரிதான் உண்டு.

"திருமூர்த்தி அண்ணன் காலைல மண்டைல கட்டுப் போட்டுட்டுப் போனாரு," என்றார் ரங்கநாயகி.

மாரப்பன் இறக்கையை மேஜையில் வைத்துவிட்டார். நல்ல மனிதர், எறும்பைக்கூட மிதிக்காதவர். "அம்மிணி, ஒரு ரூமுக்காக நம்ம விமானம் ஒரு மனுசனைப் போட்டு அடிச்சிருக்குதே," என்றார். கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி வெள்ளையாக இருந்தது. அதையே ஒரு குச்சியில் கட்டி எடுத்துக்கொண்டு மூவரும் வரிசையாகத் திருமூர்த்தி வீட்டுக்குப் போனார்கள்.

முதல் நாள் சமையலறை நிலைப்படியில் முட்டிக்கொண்ட திருமூர்த்தி வாசலில் உட்கார்ந்திருந்தார். மாரப்பன் கொடியைத் தாழ்த்தி, அறைச் சாவியை அவர் காலடியில் வைத்தார்.

"எங்க விமானம் பண்ணுனது தப்புத்தானுங்க. போர் முடிஞ்சுது. ரூமை எடுத்துக்குங்க."

திருமூர்த்தி சாவியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். தலைக்கட்டைத் தடவிக்கொண்டார். "ஆமாங்க, மேல இருந்துதான் வந்து இடிச்சுது," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். நிலைப்படியும் மேலேதானே இருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் மாரப்பன். "ஜன்னலை மட்டும் சாத்தாதீங்க. மிச்ச விமானம் திரும்பி வரோணும்."

இனாமாக அறை கிடைக்கும்போது ஜன்னலுக்கு யார் சண்டை போடுவார்கள்? திருமூர்த்தி ஒப்புக்கொண்டார். அன்றைக்கே கேரம் போர்டு மாடி ஏறியது. காற்று பவுடரை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. ஆனாலும் வாக்கு வாக்குத்தான். மாரப்பன் மட்டும் தினமும் சாயங்காலம் வந்து, வாசல்படிக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வருவதில்லை. இனி அது அவர் அறை இல்லை.

நாலு நாள் அவரோடு சேர்ந்து திருமூர்த்தியும் ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தார். ஐந்தாம் நாள் அவர் ஆட்டத்தையே கவனிக்கவில்லை. ஆறாம் நாள் ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"தலைவரே, உள்ள வாங்க," என்றார். "பொழுது சாஞ்சு வந்துதுன்னா அதுக்குப் பாதை தெரியுமுங்களா?"

மாரப்பன் உள்ளே வந்தார். தலைவர் என்ற முறையில் கண்ணை மூடி யோசித்தார். பிறகு இருவரும் சேர்ந்து வெள்ளைக் காய்களைப் பொறுக்கி, ஜன்னல் விளிம்பிலிருந்து அறை நடுவரைக்கும் இரண்டு பக்கமும் வரிசையாக, ஓடுதளத்துக்கு விளக்கு வைத்த கணக்காக அடுக்கி வைத்தார்கள்.

அன்றிலிருந்து கேரம் மன்றத்தில் கறுப்புக் காய்களை மட்டும் வைத்துத்தான் ஆடுகிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்று ஓர் ஆட்டம்கூட இதுவரை தீர்ந்தபாடில்லை.