மடித்துக் கட்டிய மேகம்

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? பொறவு ஏன் மேடம் சரின்னு சொல்ல மாட்டேங்கீங்க?"

கேட்டவர் இஸ்ரவேல். ஐம்பதைத் தாண்டியவர். நாகர்கோவிலில் பிறந்து, மலை மேலிருக்கும் அந்த வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் மேகம் செய்துகொண்டிருந்தார்.

மேகம் செய்வது என்றால் கணினியில்தான். கணினிக்குள் ஒரு பூமி இருக்கிறது. அதில் கடலும் காற்றும் வெயிலும் உண்டு. அங்கே எப்போது, எங்கே, எவ்வளவு மேகம் கட்டவேண்டும் என்று விதி எழுதுவது இஸ்ரவேலின் வேலை. அந்த மேகம் நிஜ மேகத்தைப் போல் இருக்கிறதா என்று பார்ப்பது உமையாளின் வேலை.

உமையாளுக்கு வயது நாற்பதுதான். குருவுக்கு நரைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"என்ன சரியா இருக்கு?" என்றார் உமையாள்.

"பூமியில பட்டுத் திரும்பிப் போற வெயில். செயற்கைக்கோள் அளந்ததும் என் கணக்கும் அச்சு அசலா ஒண்ணு."

"மேகம்?"

இஸ்ரவேல் தலையைச் சொறிந்தார்.

"மேகம் கொஞ்சம் குறைவு."

"எவ்வளவு குறைவு?"

"இருக்கவேண்டியதுல பாதி. ஆனா என் மேகம் நல்ல தடிமன், மேடம். பாதி மேகமே முழு மேகத்தோட வேலையைச் செஞ்சிரும். சரிக்கட்டிரும்."

உமையாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாங்க சார், சாப்பிடப் போலாம்."

அந்த நிலையத்தில் எல்லோரும் மொட்டை மாடியில்தான் சாப்பிடுவார்கள். மேலே பச்சை நிழல்வலை கட்டியிருக்கும். பாதி வெயிலை வலை தடுக்கும், பாதி வெயில் பொடிப்பொடியாகச் சிந்தும். இட்லிக் கடையிலிருந்து இயற்பியல் வரைக்கும் எல்லாப் பேச்சும் அதன் கீழ்தான் நடக்கும்.

உமையாள் நாற்காலி மேல் ஏறி வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்தார். அதை மடித்து மறு பாதி மேல் போட்டுக் கட்டினார். "இதை மடிச்சா மட்டும் கணக்கு வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூலையில் கிடந்த தார்ப்பாயையும் எடுத்து அதே பாதியின் மேல் விரித்தார். பிறகு தன் டிபன் பாக்ஸோடு தார்ப்பாயின் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். விவரமானவர்கள் உடனே பின்னாலேயே போய் இடம் பிடித்தார்கள். இஸ்ரவேலுக்குக் கிடைத்தது திறந்த பக்கம்.

மலை வெயில் பொல்லாதது. நாலு வாய் சாப்பிடுவதற்குள் அவருடைய வழுக்கை பழுத்துவிட்டது.

"மேடம், மண்டை காயுது!"

"இங்க எனக்குக் குழம்பு எது, ரசம் எதுன்னு தெரியலை சார்."

"வலையை இழுத்து விடச் சொல்லுங்க!"

"எதுக்கு? மாடி மொத்தத்துக்கும் கணக்குப் பாருங்க. நேத்து எவ்வளவு வெயில் விழுந்துச்சோ, இன்னிக்கும் அவ்வளவுதான் விழுது."

இஸ்ரவேல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. வராதா பின்னே? வருகிற திங்கட்கிழமை இயக்குநர் முடிவு சொல்லப்போகிறார். ஒரு பக்கம் இஸ்ரவேலின் மேகம். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து ஆயத்தமாக வந்த மேகம். அதை இங்கே யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நிஜ வானத்தோடு ஒப்பிட்டுப் போடும் மார்க் அதற்கு அதிகம். இரண்டில் ஒன்றுதான் அடுத்த பருவமழைக் கணிப்புக்குப் போகும். மற்றது மூட்டை கட்டப்படும். இஸ்ரவேல் தன் தலைமுடியை இழந்ததே இந்த மேகத்துக்காகத்தான்.

ஆனாலும் வெயில் சொன்னது மனசில் ஏறிவிட்டது. உட்கார்ந்து தன் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

கணினிப் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தாலுகா அளவு. அந்தக் கட்டம் முழுக்க ஈரம் நிறைந்த பிறகுதான் மேகம் கட்டலாம் என்று அவர் விதி வைத்திருந்தார். ஒரு தாலுகாவே ஈரமானால்தான் மேகமா? எந்த ஊரில் அப்படி நடக்கிறது? ஒரு குளத்துக்கு மேலே மட்டும் மேகம் கட்டுவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர்தானே அவர்.

விதியைத் தளர்த்தினார். கட்டத்தில் ஒரு மூலை நனைந்தாலும் அந்த மூலைக்கு மேகம் உண்டு என்று எழுதினார். கணினியை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்திருந்தது. பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேகம் வந்துவிட்டது. செயற்கைக்கோள் பார்த்த இடத்திலெல்லாம், பார்த்த அளவுக்கு மேகம். ஆனால் பூமி சுண்ணாம்பு அடித்த சுவராகப் பளீரென்று இருந்தது. வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கடல் குளிர்ந்து கிடந்தது. அதுவரை முதல் வரிசையில் இருந்த மார்க் கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தது.

உமையாளின் அறைக்கு நேராகப் போனார். அழுகை முட்டியது. ஐம்பது வயதில் அழுதால் நன்றாகவா இருக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

"உங்க பேச்சைக் கேட்டேன். இப்ப பாருங்க."

உமையாள் திரையைப் பார்த்தார். பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்கீங்களே மேடம்! என் பொழப்பே போகப்போவுது. பழைய மேகத்தையே குடுத்திருதேன். அது பத்திரமா இருக்கு. யாருக்கும் தெரியப்போறதில்லை."

"குடுங்களேன். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

இஸ்ரவேல் நகரவில்லை.

"அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். பழைய மேகத்துல எதைத் திருத்தணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"அதுலதான் எல்லாம் சரியா இருந்துச்சே. எதைத் திருத்த?"

"இப்ப?"

"இப்பவா? மேகம் வேண்டிய அளவு இருக்கு. ஆனா பழைய தடிமனோடயே இருக்கு. அந்தத் தடிமனைக்..."

நிறுத்திவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என்ன ஒரு முட்டாள் நான் என்று நினைத்தார். அந்த நினைப்பு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

"மேகத்துக்குள்ள தண்ணியை அதிக நேரம் பிடிச்சு வைக்கேன், அதான் இந்தத் தடிமன்" என்றார் மெதுவாக. "மேகம் குறைவா இருந்தப்ப வெயில் கணக்கை ஈடுகட்டணுமேன்னு நான்தான் அப்படி எழுதிவச்சேன். மறந்தே போச்சு."

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ண முடியுமா?"

"முடியாது. மாசக்கணக்காவும்."

"அப்ப திங்கக்கிழமை எதைக் காட்டப்போறீங்க?"

"இதைத்தான்."

உமையாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். பார்க்க இயக்குநர் மாதிரியே இருந்தது.

"என்ன மிஸ்டர் இஸ்ரவேல்! அங்க நல்ல மார்க் வாங்கின மேகம் ரெடியா இருக்கு. கடைசி பெஞ்ச் மேகத்தை வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யறது?"

இஸ்ரவேல் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதுல எது தப்புன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது சார். என்னோடதுல எது தப்புன்னு எனக்குத் தெரியும்."