வெள்ளை வந்த பிறகு

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முப்பது வருஷமாக சிஸ்டர் ரெஜினாள் கன்னியர் பள்ளியின் வேதியியல் கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

அவரிடம் படித்த ஜெனிட்டா இப்போது அதே கூடத்தில் டீச்சர். அவளுடைய ஐந்து மாதப் பெண்குழந்தை, நோட்டுகள் அடுக்கிய பக்கத்து அறையில் தொட்டிலில் கிடக்கும். கால்மணிக்கு ஒருமுறை ஜெனிட்டா போய் அதன் உள்ளங்காலைச் சுரண்டுவாள். குழந்தை வீறிட்டு அழும். அந்த அழுகையைக் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

மூத்தவன் நாலாம் மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான்.

மாணவிகளுக்கு அது தெரியாது. "பாப்பாவுக்கு நம்மளவிட பீரியடு ஜாஸ்தி டீச்சர், கால்மணிக்கொரு பெல்லு" என்றார்கள். ஜெனிட்டாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை. பள்ளி விடுமுறை. செய்முறைத் தேர்வுக்காக இருவரும் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாகக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றாள் ஜெனிட்டா. நோய் ஒன்றும் இல்லையாம். தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் பிள்ளை தேய்ந்துதான் போகும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினாராம்.

பிறகு கேட்டாள்.

"விடியும்போதும் மூச்சு இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க, ஏதாவது சோதனை இருக்கா சிஸ்டர்?"

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சோதனைக்குழாயில் கொஞ்சம் ஊற்றி, மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை அதில் செருகி அவளிடம் நீட்டினார்.

"ஊது."

ஜெனிட்டா ஊதினாள். நாலைந்து மூச்சில் நீர் பால்போல் வெளுத்தது. நம் மூச்சில் இருக்கும் வாயு செய்கிற வேலை. வகுப்பாக இருந்தால் சிஸ்டர் உடனே சொல்லியிருப்பார்: வெள்ளை வந்துருச்சு, குழாயை எடு. வருஷா வருஷம் சொல்வது அது.

இன்று சொல்லவில்லை. இன்னும் ஊது என்றார். அவள் ஊதினாள். கன்னம் வலித்தது. நிறுத்தி நிறுத்தி மறுபடி ஊதினாள். அதே வாயு அளவுக்கு மிஞ்சியதும் வெள்ளை மெல்லக் கரைந்து, கடைசியில் நீர் பழையபடி தெளிந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் ஜெனிட்டா இப்படித்தான் ஆசையாக ஊதிக்கொண்டே இருந்து, கடைசியில் நோட்டில் 'வாயு இல்லை' என்று எழுதிவைத்துத் திட்டு வாங்கினாள்.

"இப்ப என்ன எழுதுவே?" என்றார் சிஸ்டர்.

"இதை மட்டும் பார்த்தா, இல்லைன்னுதான் எழுதணும்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு சிஸ்டர். நான்தான் விடாம..."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தையைக் கடைசியாக எழுப்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

ஓடினாள். சிஸ்டர் பின்னால் மெதுவாக வந்தார்.

குழந்தை வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கியது. சட்டைக்குள் வயிறு ஏறியது, இறங்கியது. ஜெனிட்டாவின் விரல் அதற்குள் உள்ளங்காலுக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"மூத்தவனுக்கும் இப்படித்தான் ஏறி இறங்கிச்சு சிஸ்டர். அதைப் பார்த்துட்டுத்தான் நான் கண்ணை மூடினேன்."

சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தொட்டிலருகே உட்கார்ந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. வயிறு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

பிறகு, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னார்.

"வெள்ளை வந்துருச்சு ஜெனி. குழாயை எடு."