கோவை இலை

"என் பேரை அடிச்சிருங்க சார். பின்னக் கணக்கு எனக்கு இந்த ஜென்மத்துல வராது."

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொரு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள். இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்க ஆசை. அதற்கு முன்னால் இந்த மாலை வகுப்பில் கணக்கில் தேறியாக வேண்டும். திங்கட்கிழமை தேர்வு. கோட்டைவிட்டால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸ்தான்.

ஆசிரியர் இசக்கிராஜ் அவளைவிட இளையவர்.

"போட்ட கணக்கைக் காட்டுங்கக்கா."

சிலேட்டை நீட்டினாள். வெறும் சிலேட்டு.

"அழிச்சிட்டேன் சார். தப்பா இருந்துச்சு."

"நேத்தும் அழிச்சிட்டீங்க."

"சின்ன வயசுப் பழக்கம் சார்."

அவர் வெறும் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஒரு கை கோவை இலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

ஜெசிந்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். மூன்றாம் வகுப்பு அப்படியே வந்து நின்றது. வேலியில் இலை பறித்துப் பாவாடையில் கட்டிக்கொண்டு ஓடியது, இலை கொடுத்துப் பலப்பம் வாங்கியது, சாறு பட்டதும் சிலேட்டு புதுசு போலக் கறுத்தது. என்ன அருமையான நாட்கள்!

"கணக்கு வாத்தியார் பிரம்போட எங்க வரிசைக்கு வர்றதுக்குள்ள என் சிலேட்டு சுத்தமாயிரும் சார். ஒரு நாள் இலை கொண்டுபோக மறந்துட்டேன். அன்னைக்கு..."

சிரித்துக்கொண்டே சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இன்னைக்குச் சிலேட்டு வேண்டாம்" என்று இசக்கிராஜ் ஓர் இரும்புத் தகட்டையும் கூரான கம்பி ஒன்றையும் கொடுத்தார். "அஞ்சரை அங்குலத் தகடு. சரியா நடுவுல ஒரு கோடு கிழிங்க."

அளந்து, அழுத்திக் கிழித்தாள். பார்த்தால் ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம்.

கட்டைவிரலால் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கோவை இலையைக் கசக்கித் தேய்த்தாள். தகடு பச்சையானதுதான் மிச்சம்.

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். தலை குனிந்தது. வலது கை தானாக நீண்டு, உள்ளங்கை விரிந்தது.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இசக்கிராஜ் அந்தக் கையில் அளவுகோலை வைத்தார்.

"எவ்வளவு தப்புன்னு அளந்து சொல்லுங்கக்கா."

அவளுக்குக் கண் கலங்கி எண்கள் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு அளந்தாள்.

"அஞ்சுல பாதி ரெண்டரைன்னு வச்சிட்டேன் சார். கூட இருந்த அரையை விட்டுட்டேன். அரையில பாதி கால். கோடு இன்னும் கால் அங்குலம் தள்ளி வந்திருக்கணும்."

"சரி, பேரை அடிச்சிரவா?"

ஜெசிந்தா அதற்குள் தப்பான கோட்டின் மேல் அளவுகோலை வைத்து, அங்கிருந்து கால் அங்குலம் அளந்துகொண்டிருந்தாள்.