ஜன்னல் மங்கிய டவுன் பஸ்

இந்தக் கதையில் ராஜாவும் கிடையாது, திருடனும் கிடையாது. ஒரு முழ நீளத்தில் ஒரு டவுன் பஸ் இருக்கிறது. அதைச் சுற்றி நல்ல மனிதர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அட, நல்லவர்கள் செய்கிற தப்பைத்தானய்யா கண்டுபிடிப்பது கஷ்டம்! காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

கும்பகோணத்தில் பல் டாக்டர் மெஹருன்னிசாவின் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை. கப்பல், ரயில், வீடு என்று குட்டி மாடல்கள் செய்கிற கிறுக்குப் பிடித்த மூன்று பேர் அங்கே கூடுவார்கள். டாக்டர் ஒருவர். பள்ளிக்கூட ரசாயன லேபில் உதவியாளராக இருக்கும் தேவசகாயம் இன்னொருவர். மூன்றாமவர் கலியபெருமாள், இருபத்திரண்டு வருஷம் சுவாமிமலை டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த பஸ்ஸைத்தான் எட்டு மாதமாகத் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்துகொண்டிருந்தார். கடைசி சீட்டில் தோல்பையோடு ஒரு குட்டிக் கண்டக்டர். கலியபெருமாளோடு அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, போன வருஷம் இறந்துபோன முத்தையன்தான் அது.

சைடு மிரர் இரண்டையும் அவர் பசை போட்டு ஒட்டவில்லை. நிஜ பஸ் மாதிரி திரும்ப வேண்டுமென்று குண்டூசியில் செருகியிருந்தார். அறைக்குள் வந்ததும் நகத்தால் அதைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். "மிரர் பாக்காம வண்டிய எடுக்கலாமா?" என்பார். மற்ற இருவரும் சிரிப்பார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முத்தையனின் மனைவி பஞ்சவர்ணம் வருவதாக ஏற்பாடு. புருஷனை இன்னொரு தடவை பஸ்ஸில் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அந்த அம்மாள் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அறையில் தேவசகாயம் மட்டும் இருந்தார். எதையோ எட்டி எடுக்கும்போது சட்டைக் கை பட்டு, பஸ்ஸின் வலது மிரர் தெறித்து விழுந்தது. ஐயோ, உடைத்துவிட்டோமே! நிதானமாகப் பார்த்திருந்தால் திரும்பக் குண்டூசியில் செருகினாலே நின்றிருக்கும். அந்த நேரத்தில் நிதானம் எங்கே வரும்? சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு ஒட்டினார். தூசி படக்கூடாதென்று கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து மூடினார். வலது கை விரல் நுனிகளில் பசை வெள்ளையாகக் காய்ந்து கிடந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தார்.

அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. 'சூப்பர் க்ளூ போட்டதை ஒரு நாள் ஆகும்வரை மூடி வைக்காதீர்கள். ஆவி கிளம்பிப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும்.' எழுதி மாட்டியவர் வேறு யார்? சாட்சாத் தேவசகாயம்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மூவரும் கூடிப் பெட்டியைத் தூக்கினால், பஸ்ஸின் பிளாஸ்டிக் ஜன்னல் பூராவும் மோர் தெளித்த மாதிரி வெள்ளை. உள்ளே முத்தையன் இருக்கிற இடமே தெரியவில்லை. துடைத்ததில் கீறல் விழுந்து இன்னும் மோசமானது.

கலியபெருமாள் வழக்கம்போல் குனிந்து வலது மிரரை நகத்தால் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். "யாராச்சும் இதத் தொட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தேவசகாயத்தின் கண் சுவரில் தொங்கிய அட்டைக்குப் போனது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், எட்டு மாத உழைப்பை ஒரு சொட்டில் கெடுத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? வலது கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது.

"வியாழக்கிழமை பஸ் கூரைக்கு நான் வார்னிஷ் அடிச்சேன்ல, அந்த நெடியா இருக்கும். என் தப்புதாண்ணே," என்றார் டாக்டர். கூரையைத் தனியாகக் கழற்றி மொட்டை மாடியில் வைத்து அவர் அடித்ததும், அதற்குப் பிறகு இரண்டு நாள் ஜன்னல் பளிச்சென்று இருந்ததும் மூவருக்குமே தெரியும்.

"சரி, விடுங்க டாக்டரம்மா." கலியபெருமாள் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார். தன்னைவிட இருபது வயது மூத்தவர் கொடுத்ததைத் தேவசகாயம் இடது கையால் வாங்கினார். கலியபெருமாள் அந்தக் கையை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

"ஜன்னல் கண்ணாடிய எல்லாம் கழட்டிடலாம்ணே. நம்ம டவுன் பஸ்ல என்னைக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி இருந்துச்சு?" என்று தேவசகாயம்தான் சொன்னார். டாக்டர் பல் பிடுங்குகிற பக்குவத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.

பஞ்சவர்ணம் வந்தார். கடைசி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். "இந்தா, கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு!" என்று சிரித்தார், சிரித்தபடியே அழுதார். "ஜன்னல் தொறந்திருக்கறதுதான் நல்லது. அவருக்குப் புழுக்கம் ஆகவே ஆகாது."

"யோசனை தேவசகாயம் சாரோடது," என்றார் கலியபெருமாள்.

அந்த அம்மாள் தேவசகாயத்தைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஒற்றைக் கையால் எப்படிப் பதில் கும்பிடு போடுவது? வலது கை வெளியே வந்தது. வெள்ளை காய்ந்த விரல்கள் எல்லோருக்கும் தெரியக் குவிந்தன. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட அவருக்கு இத்தனை அவமானமாக இருந்திருக்காது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உண்மை கலியபெருமாளுக்கு எப்போது தெரிந்தது? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: விரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று சொன்னால் நீங்கள் தோற்றீர்கள். திரும்ப வேண்டிய மிரர் திரும்பாமல் நின்றபோதே பசை என்று தெரிந்துவிட்டது. இடது கை காபிக்கு நீண்டபோது ஆளும் தெரிந்துவிட்டது. தேவசகாயம் செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. டாக்டருக்கு நல்ல மனசுதான், ஆனால் பேச வேண்டியவரின் வாயை அந்தப் பொய்தான் அடைத்தது. கலியபெருமாள்தான் சரி: அவர் திட்டவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை, கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு தேவசகாயம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "மிரர ஒட்டினது நான்தாண்ணே. பாவம், டாக்டரம்மா பழிய ஏத்துக்கிட்டாங்க," என்றார். "ஒரு வாரமா அது அப்படியேதான் நிக்குது சார், உங்களுக்காகத்தான் தொடாம வச்சிருக்கேன்," என்று இடுக்கியை நீட்டினார் கலியபெருமாள். தேவசகாயம் அதை வலது கையால் வாங்கினார். பசையைச் சுரண்டி எடுத்து, மிரரைக் குண்டூசியில் செருகினார். கலியபெருமாள் நகத்தால் அதைத் திருப்பிப் பார்த்தார், பிறகுதான் உட்கார்ந்தார்.