திராட்சைக் கொடி பேச்சை விட்ட வருஷம்

அந்தக் காலத்தில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது. மரமும் கொடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. திராட்சைக் கொடியை எந்த மண்ணில் நட்டாலும் அதன் மது ஒரே ருசியில்தான் இருக்கும். மலையில் விளைந்தாலும் மணலில் விளைந்தாலும் அதே தித்திப்பு. கொடிகள் அப்போது மண்ணில் வாய் வைத்ததில்லை. பனியையும் மழையையும் இலையால் குடித்தே வளர்ந்தன. வேர் என்பது காற்றில் சாயாமலிருக்க ஊன்றிய கால், அவ்வளவுதான்.

மேற்கு மலைச் சரிவில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமான வருஷம் அவளும் புருஷன் சடையனும் குடிசை வாசலில் ஒரு கொடி வைத்தார்கள். கொடி அவளை 'அக்கா' என்று கூப்பிடும். ஒரு ஐப்பசி மழையில் மலை சரிந்து, குடிசையை மட்டும் விட்டுவிட்டு, தோட்டத்தை முழுசாக வாரிக்கொண்டு போயிற்று. சடையனுக்குக் கிணறு வெட்டத் தெரியும். கீழ்நாட்டில் பிழைப்புத் தேடிப் புறப்பட்டான். கொடியில் ஒரு குச்சியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

"நிலையா ஒரு இடம் அமைஞ்சதும் இதை நடுவேன். முதல் மது உனக்குத்தான் வரும். அது வந்ததும் புறப்பட்டு வந்துடு, புள்ள."

"எங்கேன்னு வர்றது?"

"கொண்டுவாறவன் சொல்லுவான்."

மூன்றாம் வருஷம் ஒரு சுரைக்குடுவை வந்து சேர்ந்தது. வாயைக் கட்டியிருந்த கயிற்றில் கிணற்று வாளிக்குப் போடுகிற முடிச்சு. சடையன் கை முடிச்சேதான். அதைக் கழுதையில் ஏற்றிவந்த வியாபாரியிடம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பவளாயி துருவிக் கேட்டாள்.

"ஆத்தங்கரையில ஒருத்தன் கொடுத்தான், தாயி. அவன்கிட்ட யாரு கொடுத்தாங்களோ, தெரியலையே" என்றான் அவன்.

அவள் குடித்துப் பார்த்தாள். தன் வாசல் கொடியின் மது போலவே இருந்தது. சடையன் இருக்கும் இடத்தின் வாடை அதில் துளியும் இல்லை.

அப்படியே நாலு வருஷத்தில் நாலு குடுவை வந்தன. சாயங்காலமானால் பவளாயி பாறை விளிம்பில் போய் நிற்பாள். கீழே சமவெளியில் நூறு இடத்தில் அடுப்புப் புகை எழும். எந்தப் புகைக்குக் கீழே அவன் சோறு பொங்குகிறான்? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நிற்பாள். இருட்டி, புகை மறைந்த பிறகுதான் திரும்புவாள்.

ஒருநாள் கொடியிடம் கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, உன்கிட்ட ஒடிச்ச குச்சிதானே அங்க நிக்குது? அது நிக்கிற மண்ணைக் கொஞ்சம் குடிச்சிருந்தா, நான் இடத்தைக் கண்டுபிடிச்சிருப்பேனே."

"மண்ணையா? மண்ணைக் குடிச்சா ஆளுக்கொரு ருசி ஆயிடுவோம், அக்கா. எங்களுக்குள்ள ஒருத்தியை ஒருத்தி அடையாளம் தெரியாமப் போயிடும்."

"எனக்கு அவரு குரல் மறந்துபோச்சு" என்றாள் பவளாயி. "நேத்து அவரு என்னைக் கூப்பிடுறதை நினைச்சுப் பார்த்தேன். வாய் அசையுது, சத்தம் வரலை."

கொடி ஒரு தளிரை நீட்டி அவள் கையைச் சுற்றிக்கொண்டது.

"எங்களுக்கு வாய் ஒண்ணுதான், அக்கா. அதை மண்ணுக்குள்ள இறக்கிட்டா அப்புறம் பேச முடியாது. என் உடம்புல ஒடிச்சு நட்ட குச்சியும் என்னோடயே மண்ணுல வாய் வச்சுப் பேச்சை விட்டுடும். உனக்கு இந்த மலையில என்னை விட்டா யாரு இருக்கா?"

யாரும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது விடியும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தது அந்தக் கொடிதான். பவளாயி அதன் தண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, "இறக்கிடு" என்றாள்.

குடம் தண்ணீர் கொண்டுவந்து தூரில் ஊற்றினாள். கொடி மெதுவாக வாயை வேர் வழியே மண்ணுக்குள் இறக்கியது.

"அக்கா, மண்ணு எவ்வளவு குளுந்து கிடக்கு..." என்றது. அதற்கப்புறம் அவள் எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை.

மறுவருஷக் குடுவைக்காக அவள் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். வந்ததும் முடிச்சை அவிழ்த்து ஒரு வாய் குடித்தாள். தித்திப்பு குறைந்திருந்தது. நாக்கின் ஓரத்தில் உப்பு கரித்தது. தொண்டையில் வெயிலில் காய்ந்த ஏதோ ஒரு வறட்சி. கடைசியில் அவள் அறியாத ஒரு பூ வாசம். வியாபாரியிடம் குடுவையை நீட்டினாள்.

அவன் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக் குந்தினான். "உப்புக் காத்து பட்ட இடம், தாயி. வறண்ட மணலு. இது தாழம்பூ வாசம். கிழக்கே கடலோரத்துல ரத்தச் சிவப்பா மணல் மேடு இருக்கு, அதுக்கு அடியில தாழங்காடு. பதினெட்டு நாள் நடை."

பவளாயி குடிசைக் கதவைச் சாத்திவிட்டு அன்றே இறங்கினாள்.

சிவந்த மணல் மேட்டில், ஒரு கிணற்றடியில், பந்தல் நிழலில் சடையன் உட்கார்ந்திருந்தான். கிணற்றுச் சுவர் சரிந்து விழுந்து ஒரு கால் மடங்கிப்போயிருந்தது. மலையேற அந்தக் காலுக்குத் தெம்பில்லை. அவளைக் கண்டதும் எழ முயன்றான், முடியவில்லை. அழுகையும் ஆவலாதியுமாக முதலில் சொன்னது இதுதான்:

"இந்தக் கொடி பேச மாட்டேங்குது, புள்ள. இத்தனை வருஷமா உன்னைப் பத்தி இதுகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன். போன வருஷம் திடீர்னு வாயடைச்சுப்போச்சு."

"நான்தான் பேச்சை விடச் சொன்னேன்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள் பவளாயி. "நீங்க பேசுங்க. நிறுத்தாமப் பேசுங்க."

அதன்பின் அவள் மலைக்குத் திரும்பவே இல்லை. வெகு காலம் கழித்து அந்த வியாபாரி, ஆளில்லாத அவள் குடிசை வாசலில் காய்த்த திராட்சையின் மதுவை ஒரு குடுவையில் கொண்டுவந்தான். கரும்பாறையும் மூடுபனியும் காட்டுப் பச்சிலையும் அதில் இருந்தன. ஒரு வாய் குடித்தவள், விழுங்காமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் சடையன்.

"அங்க இந்நேரம் பனி இறங்கியிருக்கும்" என்றாள்.

அவர்கள் கொடிகளைப் பார்த்து மற்றக் கொடிகளும் ஒவ்வொன்றாக மண்ணில் வாய் வைத்தன. அன்றைக்குத் தொடங்கியதுதான் இது: திராட்சைக் கொடி யாரோடும் பேசுவதில்லை; மலையில் விளைந்த மது ஒரு ருசி, கடலோரத்து மது இன்னொரு ருசி; கொடி தான் நின்ற மண்ணைப் பற்றி மட்டும், மதுவைக் குடிப்பவர் நாக்கில் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது.