புதன்கிழமை நர்ஸ்

கணக்குப் புலிகளுக்கு இந்தக் கதையில் வேலை கொஞ்சம்தான். ஊர் நடப்பு தெரிந்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

கரிசல்பட்டி அரசு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் தவமணி நர்ஸ். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். புதன்கிழமை கூட்டம் நெரியும் என்பதால் அன்றைக்கு அவளைத்தான் வார்டில் போடுவார்கள். செவ்வாய்க்கிழமையோ ஈ ஓட்டலாம். வாசலில் டீக்கடைக்காரர்கூட அன்று கடை திறப்பதில்லை.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தவர்களில் பாதிப்பேர் புதன்கிழமையில் போய்ச் சேர்ந்தார்கள். புதிதாக வந்த தலைமை மருத்துவர் ஜெயசீலனுக்கு இது உறுத்தியது. நோய்க்குக் கிழமை தெரியாது, ஏழு நாளும் ஏறக்குறையச் சமமாகத்தான் இருக்கவேண்டும்; இல்லையென்றால் அன்றைக்கு வேலை பார்ப்பவர் ஏதோ தவறு செய்கிறார் என்று முடிவு கட்டினார். கைராசிக்காரி ஒரே வாரத்தில் ராசி கெட்டவள் ஆனாள்; அவளை வேறு ஊருக்கு மாற்றும் பேச்சும் கிளம்பியது.

விசாரணை அன்று தவமணிக்கு ஒரே நினைப்புதான். வேலை போனால் போகட்டும், பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரோடு எந்த ஊரில் போய் இருப்பது? எதிரில் உட்கார்ந்திருந்தாள், தன் மகன் சாவுக்குத் தவமணிதான் காரணம் என்று புகார் கொடுத்த முத்துராக்கு. மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த புதன்கிழமை அவள் அரற்றியது தவமணிக்கு மறக்கவில்லை. "முந்தாநாள் ராத்திரியே அனலாக் கொதிச்சுதும்மா. விடியவும் கெளம்பினேன், மாமியார்தான் ஒருநாள் பொறுன்னாங்க." அன்று மாலையே பிள்ளை போய்விட்டான்.

என்ன சொல்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். தவமணி முத்துராக்கைப் பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

"என்னை மாத்துறதுக்கு முன்னாடி ஒரேயொரு செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸோட ஊருக்குள்ள அனுப்புங்க சார்," என்றாள்.

சாவு விழுந்தது புதனில். அவள் செவ்வாயைக் கேட்டது ஏன்? தன் தலைக்கே கத்தி வந்தபோதும் காரணத்தைச் சொல்லாமல் விட்டது சரிதானா?

விடை: செவ்வாயில் மருத்துவமனைப் படி மிதித்தால் திரும்பத் திரும்ப மிதிக்க நேரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நோய் ஏழு நாளும் சமமாகத்தான் வந்தது, நோயாளிகள்தான் வரவில்லை. ஒருநாள் முற்றிய காய்ச்சலெல்லாம் புதனன்று வந்து குவிந்தது. அடுத்த செவ்வாயில் தவமணி வீடு வீடாகப் போய், "நீங்களா வரல, நான்தான் வந்து கூப்பிடுறேன், செவ்வாய் உங்களை ஒண்ணும் செய்யாது," என்று சிலரை ஏற்றி வந்தாள். மறுநாள் வார்டில் சாவு இல்லை. மருத்துவருக்கு விளங்கிவிட்டது, மாற்றல் பேச்சும் நின்றது. விசாரணையில் அவள் அதைச் சொல்லியிருந்தால் பழி அவளைவிட்டு நேரே அந்தத் தாயின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். முத்துராக்கு இன்றைக்கும் தவமணியைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றுகிறாள். தவமணி நின்று வாங்கிக்கொண்டு போகிறாள்.